மைன்ஸ் குழியில் முழுக்கு

இரவு பத்தே முக்கால். ரெட்டிபாளையத்தைத் தாண்டி உள்ளே பிரியும் லாரிப் பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது... முள்ளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். தூரத்தில் ஆலையின் உறுமல். வேறு ஒன்றுமில்லை.

அந்தப் பாதையில் ஒரு டிவிஎஸ் 50 வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் அய்யாக்கண்ணு. நம் மகேஷின் பெரியப்பா. இதோ, மகேஷ் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். சொல்வதில் கூடக்குறைய இருந்தால் அவனே திருத்தட்டும். பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள், சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

நடந்தது தொண்ணூற்றெட்டில், கார்த்திகை மாதம். அய்யாக்கண்ணு சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் லோடுமேன். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வருவார். எட்டு மணி நேரமும் மூட்டை. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. உடம்பில் எது வலிக்கிறது, எது மரத்துப்போனது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. மூக்கைச் சிந்தினால் சாம்பல் நிறத்தில் வரும். சொந்த ஊர் எறையூர். அங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர், கல்யாணம் ஆன கையோடு மனைவி சுந்தராம்பாளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் ஒரு சபைக்குப் போதகர் வேறு.

அந்தச் சபை பிறந்த கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும். தொண்ணூற்றைந்தில் திருச்சியிலிருந்து ஒரு வயதான பாஸ்டர் பஸ் ஏறி வருவார். பாப்டிஸ்ட் சபைக்காரர். கூலிக்காரர்கள் இருக்கும் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பாடுவார், ஜெபம் செய்வார், கடைசி பஸ்ஸுக்குப் போய்விடுவார். இரண்டு வருஷத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஒரு கீற்றுக் கொட்டகை எழும்பியது. அதற்குள் பெரியவருக்கு முட்டி போய்விட்டது. படி ஏற முடியவில்லை, பஸ் ஏற முடியவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் என்று அய்யாக்கண்ணுவின் கையில் வேதப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "இனிமே நீதாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறு சில சபைகளில் கைக்குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளித்தால் போதும், ஞானஸ்நானம் ஆகிவிடும். பாப்டிஸ்ட்காரர்களுக்கு அது செல்லாது. விவரம் தெரிந்த வயதில், ஆள் தானாக வந்து கேட்க வேண்டும். கேட்டு, தண்ணீருக்குள் முழுசாக முங்கி எழ வேண்டும். அதனாலேயே ஊரில் 'முங்குற கோயிலு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏரியில் இறங்க ஊர் விடவில்லை. கிணற்றுக்காரர்களும் விடவில்லை. கடைசியில் பழைய மைன்ஸ் குழிக்குப் போனார்கள். சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பெரிய பள்ளம். மழைத் தண்ணீர் தேங்கி, பாலில் பச்சை கலந்த மாதிரி கிடக்கும். முன்பு லாரி இறங்கிய சரிவு அப்படியே தண்ணீருக்குள் போகிறது. அதில் நடந்தே இறங்கலாம். கல்லோடு கல்லாக ஒட்டிய சிப்பிகள் உள்ளங்காலில் குத்தும். தொண்ணூற்றேழில் அந்த ஒன்பது பேரும் அங்கேதான் முங்கி எழுந்தார்கள்.

அந்தச் சரிவு ஆரம்பிக்கிற முக்கில்தான்... அன்று ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

டிவிஎஸ் வண்டியின் விளக்கு, வேகம் குறைந்தால் மங்கும். பிரேக் பிடித்ததும் வெளிச்சம் சிவந்து சுருங்கியது. முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"ஐயா... இன்னிக்காவது ஆவுமா?"

மலர்கொடி.

அன்று காலையில்தான் அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்திருந்தது.

சபைக்கு வந்துகொண்டிருந்த அவள், அந்த வருஷம் மட்டும் மூன்று முறை ஞானஸ்நானம் கேட்டாள். முதல் முறை சித்திரையில். ஆயத்த வகுப்பு முடியட்டும் என்றார். இரண்டாம் முறை ஆடி முடிந்து. அந்த மாதம் அவருக்கு இரட்டை ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே நின்றபடி கண் சொருகுகிறது. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்றாம் முறை அவள் கேட்டதற்கு மறுநாள், புருஷன் கொளஞ்சியப்பன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். குடித்திருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எம் பொண்டாட்டிய தண்ணில முக்குனீங்கன்னா, இந்தக் கொட்டாயில ஒரு கீத்து மிஞ்சாது பாத்துக்கங்க" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவளிடம் அய்யாக்கண்ணு, "கொஞ்ச நாள் பொறும்மா, அடுத்த வாரம் பேசுவோம்" என்றார். கொட்டகையை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் உள்ளுக்குள் அவருக்குத் தெரியும், பாதி காரணம் அலுப்பு. ஒரு சண்டையைத் தூக்க அவருடைய தோளில் இடமில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு மஞ்சள் காமாலை. பதினோரே நாள். சாவு வீட்டுக்குப் போனவரை உள்ளே விடவில்லை. எதிர்ப்புறத்து வேப்பமரத்தடியில் நின்று பறைச் சத்தம் கேட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

இப்போது அவள் முக்கில் நிற்கிறாள்.

வேறு யாராக இருந்தாலும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அய்யாக்கண்ணுவுக்கும் பயம் வந்தது. வயிற்றில் பிறந்தது... நெஞ்சுவரை ஏறியது... அதற்கு மேல் ஏற அதற்கே தெம்பில்லை. ஓடு என்று மூளை சொன்னது. கால் கேட்கவில்லை. சொல்வதற்கு அவரிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்றுதான். அடுத்த வாரம். அந்த வார்த்தை மட்டும் வாயில் வர மறுத்தது.

வண்டியை ஸ்டாண்ட் போட்டார். செருப்பைக் கழற்றினார்.

"வாம்மா" என்றார்.

அவர் முன்னால் நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் இல்லை. ஆனால் வாசனை வந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து எழுமே, அந்தச் சூட்டு வாசனை. தொண்டை கமறியது. தண்ணீர் மழையில் சில்லிட்டுக் கிடந்தது. இடுப்பளவுக்குப் போய் நின்று திரும்பினார். அவள் நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இயேசுவ உன் சொந்த ரட்சகரா ஏத்துக்குறியாம்மா?"

"ஏத்துக்குறேன்யா. முன்னாடியே சொன்னேனே..."

ஒரு கையைப் பிடரிக்குக் கொடுத்தார். காமாலையில் இளைத்த கழுத்து. எலும்பு கையில் தட்டுப்பட்டது. மறு கையால் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே... குரல் நடுங்கவில்லை. குழியின் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மல்லாக்காகச் சாய்த்து முக்கினார். தூக்கினார். பாதி தூரம் வரை கனம் இருந்தது...

அப்புறம் இல்லை. கைகளில் தண்ணீர் வழிந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு. சுந்தராம்பாள் கதவைத் திறந்தாள். மழை இல்லை, மனுஷன் மட்டும் மார்வரை நனைந்து நிற்கிறார். வேட்டி முழுக்க வெள்ளைப் படலம். அவள் கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தாள், ஈரத்தைப் பிழிந்து கொடியில் போட்டாள். அன்று இரவு அவர் படுத்ததும் தூங்கினார். பல மாதத்துக்கப்புறம் கனவில்லாத தூக்கம்.

இத்தோடு முடிந்திருந்தால் இது சாட்சி சொல்லும் கூட்டத்தில் சொல்கிற கதை.

தை மாதம். அதே முக்கு. இந்த முறை ஒரு ஆண். தோளில் துரட்டி. ஆடு மேய்க்கிற அமாவாசை. முந்தின வாரம்தான் லாரி இடித்துச் செத்திருந்தார்.

அய்யாக்கண்ணு வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டார். "நீங்க சபைக்கே வந்தது கெடையாதே?"

"வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேங்க. ஆட்ட உட்டுட்டு உள்ள வர முடியாதுல்ல" என்றார் அமாவாசை.

அவரையும் இறக்கினார். அப்புறம் மாசியில் ஒருவர். பங்குனியில் இரண்டு பேர். முகம் தெரிந்தவர்கள் குறைந்து, தெரியாதவர்கள் கூடினார்கள். எந்த ஊர் என்று கேட்பதை நிறுத்திக்கொண்டார். வரிசையாக, சத்தமில்லாமல், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி நின்றார்கள். யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை, மிரட்டவில்லை. காத்திருந்தார்கள். அதுதான் அவரால் தாங்க முடியாதது.

ஒரு தடவை வேறு வழியில் போய்ப் பார்த்தார். அரியலூர் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தால் ஒன்பது கிலோமீட்டர் கூட. நான்கு நாள் அப்படிப் போனார். நான்கு நாளும் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த முக்கில் யாரோ நிற்கிறார்கள், மழை பெய்கிறது, அவர் வருவார் என்று பாதையையே பார்க்கிறார்கள். ஐந்தாம் நாள் வண்டி தானாகவே பழைய பாதையில் திரும்பியது.

ஒரு லீவு நாளில் திருச்சிக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்த பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"செத்தவங்களுக்கு ஞானஸ்நானம் கெடையாது அய்யாக்கண்ணு. நம்ம உபதேசத்துல அதுக்கு எடமில்ல."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா செய்யிற?"

"வந்து கேக்குறாங்களேங்க... போன்னு சொல்ல முடியல."

பெரியவர் அவருடைய கையைத் தடவிக் கொடுத்தார். காய்த்துப்போன கை. விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் அரித்த புண். "நீ சரியா தூங்குறதில்லப்பா. ரெண்டு மாசம் லீவு போடு" என்றார். தன் ஜெபத்தில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த வருஷமே அவரும் போய்விட்டார். நல்லவேளை, அவர் முக்கில் வந்து நிற்கவில்லை.

பகலில் சபை வளர்ந்ததா என்றால், இல்லை. ஒன்பது பதினொன்று ஆனது. பதினான்கு ஆனது. இரண்டு குடும்பம் திருப்பூருக்குப் போய் மறுபடி பத்தில் வந்து நின்றது. இரவில்தான் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்துப் பேருக்கு முன்னால் நின்று பிரசங்கம் செய்யும்போது அவருடைய வேட்டி ஓரத்தில் வெள்ளைக் கறை இருக்கும். எத்தனை துவைத்தாலும் போகவில்லை. சுந்தராம்பாள் தினமும் விடியற்காலையில் எழுந்து அதைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வருஷம். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கொட்டகையைக் கூட்டினாள், பாய் விரித்தாள், வந்தவர்களுக்குக் காபி போட்டாள், வீட்டுக்கு வந்து வேட்டியைத் தேய்த்தாள்.

இன்றைக்கு அங்கே போய்ப் பாருங்கள். சபை கான்கிரீட் கட்டடம் ஆகிவிட்டது. உள்ளேயே டைல்ஸ் ஒட்டின தொட்டி, குழாயில் தண்ணீர். வாசல் கல்வெட்டில் முதல் ஞானஸ்நானம் 1997, ஒன்பது பேர் என்று இருக்கும். அதற்கப்புறம் வந்த மூன்று வருஷத்தைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. அய்யாக்கண்ணு பெயரும் சின்ன எழுத்தில்தான் இருக்கும். கட்டடம் வருவதற்கு முன்பே, இரண்டாயிரத்தொன்றில், அவர் ஊழியத்தை விட்டுவிட்டார். ஆலை வேலையையும் விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக எறையூருக்கே திரும்பினார்கள். சபைக்காரர்கள் வழிமறித்து அழுதார்கள். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. மகேஷின் அப்பாவிடம் மட்டும், ஒரே ஒரு தடவை சொன்னார்.

அது நடந்தது அந்த வருஷம் ஐப்பசி மாதம். அடை மழை. அன்று ரயில் வேகன் லோடு, ஆள் பற்றாக்குறை. பதினொன்றரைக்குத்தான் கிளம்பினார். முக்கில் ஏழு பேர் நின்றிருந்தார்கள்.

தலையை நிமிர்த்தி எண்ணக்கூட அவரால் முடியவில்லை. வண்டி வெளிச்சத்தில், பாதையில் தேங்கிய தண்ணீரில் தெரிந்த நிழலை வைத்துத்தான் ஏழு என்று கணக்கு. இறங்கினார். முதல் ஆள். சாய்த்தார், முக்கினார், தூக்கினார். இரண்டாவது ஆள். பேக்கிங் பெல்ட்டில் மூட்டை வருகிற மாதிரி ஒவ்வொருவராக வந்தார்கள். வாய் தானாக வசனம் சொன்னது. கண் பாதி மூடியிருந்தது. மூன்று... நான்கு... ஐந்தாவது ஆளைத் தூக்கும்போது முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஆறு.

கடைசி ஆளுக்காக, முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

ஒரு கை வந்து அவருடைய கைக்குள் உட்கார்ந்தது.

கையைத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது அவருக்கு. சோப்பும் சுண்ணாம்பும் தின்று வெடித்த விரல்கள். இருபது வருஷமாகத் தட்டு வைத்த கை. துண்டு நீட்டிய கை.

அய்யாக்கண்ணு கண்ணைத் திறந்தார்.

சுந்தராம்பாள். மதியம் அவருக்குத் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்தபோது உடுத்தியிருந்த அதே சேலை. ஊதாவில் வெள்ளைப் புள்ளி. கழுத்தளவு தண்ணீரில் நிற்பவள் மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவளுக்கு இடுப்பளவுகூட இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுக்கவே இல்லை. அவள் கேட்கவில்லை. நீ எப்போது என்று அவரும் கேட்கவில்லை. வீட்டு ஆள்தானே, எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

கையை உதறினார். எப்படி மேலே ஏறினார் என்று தெரியாது. சிப்பி கிழித்துக் காலெல்லாம் ரத்தம். செருப்பை விட்டுவிட்டார். வண்டி நான்கு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. அந்த நான்கு உதைக்கும் பின்னால் தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சளப்... சளப்... அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வழி முழுக்க ஒரே எண்ணம். வீட்டில் அவள் எப்படிக் கிடக்கிறாளோ. தெருவில் ஆள் கூடியிருக்குமோ. அழுகைச் சத்தம் கேட்குமோ.

தெரு இருட்டாக, சத்தமில்லாமல் இருந்தது. அவருடைய வீட்டில் மட்டும் விளக்கு. கதவைத் தட்டக் கை வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

கதவு திறந்தது.

சுந்தராம்பாள் நின்றாள். ஊதா சேலை. ஒரு சொட்டு ஈரமில்லை. தலைமுடி காய்ந்து, காதோரம் கலைந்திருந்தது. அய்யாக்கண்ணு பாய்ந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார். சூடாக இருந்தது. மணிக்கட்டில் நாடி துடித்தது. மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு வந்தது, போனது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார் மனுஷன். சாவு வீட்டு வேப்பமரத்தடியில்கூட அழாதவர்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல் துண்டை நீட்டினாள். காலில் ரத்தத்தைப் பார்த்து மஞ்சள் குழைத்துப் போட்டாள். தட்டு வைத்தாள். சோறு, ரசம், சுட்ட அப்பளம். நாளைக்கே, விடிந்ததும், பகல் வெளிச்சத்தில், பத்துப் பேர் பார்க்க இவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் மனசுக்குள் முடிவு செய்துகொண்டார். முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தார்.

சுந்தராம்பாள் எதிரில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். கெண்டைக் காலைக் கையால் மெதுவாக அமுக்கிவிட்டுக்கொண்டே, கோபமில்லாமல், அலுத்துப்போன குரலில் சொன்னாள்:

"மத்தவங்கள எல்லாம் அனுப்பி வச்சீங்க. என்னைய மட்டும் நிக்க வச்சுட்டு வந்துட்டீங்களே... எம்புட்டு நேரமா நிக்கிறேன். கால் கடுக்குதுங்க."